சீர் போட்ட சத்தம்

இந்த பஸ் போடுகிற சத்தத்துக்கா காதைப் பொத்துகிறாய் அம்மிணி? இதெல்லாம் ஒரு சத்தமா? ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது, சீட்டுக்கு அடியில் என்னவோ உருளுகிறது, அவ்வளவுதானே. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தடவை நீ நின்றிருந்தால் இந்த பஸ்ஸில் குறட்டை விட்டுத் தூங்கியிருப்பாய்.

கரூருக்கா போகிறாய்? நான் வெள்ளகோவிலில் இறங்கிவிடுவேன். அங்கேதான் சம்பந்தி வீடு. பேத்திக்குக் காதுகுத்து, அழைக்கப் போகிறேன். அழைக்க மட்டும்தான். என் மகன் யுவராஜ் பஸ் ஏற்றிவிட வந்தவன், போய்க் கொஞ்சம் தணிந்து பேசும்மா என்றான். தணிந்து பேச நான் என்ன பொங்குகிற பாலா என்று கேட்டேன். என் பையை மேலே தூக்கி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

என் பெயர் பழனாத்தாள். திருப்பூரில் செகண்ட்ஸ் பழனாத்தா என்று கேட்டால்தான் தெரியும். கம்பெனிக்காரன் ஏற்றுமதிக்குத் தைக்கிற பனியனில் ஒரு நூல் விட்டிருக்கும், ஒரு சாயப் பொட்டு விழுந்திருக்கும். வெள்ளைக்காரன் வேண்டாம் என்று தள்ளிவிடுவான். அந்தத் தள்ளுபடிதான் செகண்ட்ஸ். அதை மொத்தமாக எடுத்து விற்றுத்தான் இவனை வளர்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடியபோது இவன் இடுப்பில் இருந்தான். நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு கட்டு பனியனுக்குள் கையை விட்டேன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், எத்தனையாவது துணியில் குறை இருக்கிறது என்று. குறை என் கைக்குத் தப்பாது. இதை நீ மனதில் வைத்துக்கொள்.

மெஷின் கதைக்கு வருகிறேன். அதை நான் கேட்கவே இல்லை. மருமகள் தாரணியைப் பெண் பார்த்தபோதே சொல்லிவிட்டேன், எனக்கு உங்கள் பெண் போதும், பீரோ கட்டில் எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று. ஆனால் சம்பந்தி நாச்சிமுத்து இருக்கிறாரே, தேங்காய்க் களம் வைத்திருக்கிறவர், தேங்காய்ப் பருப்பு காயவைத்து எண்ணெய் மில்லுக்குப் போடுகிறவர், அவருக்கும் ஒரு வீம்பு உண்டு. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷினை அட்டைப்பெட்டி பிரித்து, ரிப்பன் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிட்டார். முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு இருக்கிற மாதிரி. வந்த சனமெல்லாம் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட அதற்குள் எட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவர அவர் வண்டி பேசுகிறேன் என்றார். எதற்கு வீண் செலவு? என்னுடைய பனியன் மூட்டை ஏற்றுகிற டெம்போ சும்மாதானே நின்றது, அதிலேயே மண்டபத்துப் பாத்திரங்களோடு சேர்த்துத் தூக்கிப் போடச் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் அவர் போன் பண்ணினார். கடையிலிருந்து மாட்டிவிட ஒரு ஆள் வருவானாம், என்றைக்கு அனுப்பட்டும் என்று. வீட்டுக்குள் வருகிற ஆள் எவனாவது வெறும் கையோடு போனதைப் பார்த்திருக்கிறாயா? டீக்குக் கொடு என்பான், பைப்பு வேறே வாங்கு என்பான், ஸ்டாண்டு வாங்கு என்பான். எனக்குப் பிளக் சொருகத் தெரியும், ஆளும் வேண்டாம் கீளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனிதன் என்றால் அப்படித்தான் சூதானமாக இருக்க வேண்டும்.

அது பாட்டுக்கு மூலையில் நின்றது. மேலே பனியன் கட்டு அடுக்கினேன். எங்கள் வீட்டில் துவைக்கிற கல் இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது. தாரணி பிரசவத்துக்குப் போய், பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் அதற்கு வேலை வந்தது. பிள்ளைத் துணி இருக்கிறதே, துவைக்கத் துவைக்கத் தீராது. சரி, சும்மா நிற்கிற மாட்டை ஏரில் பூட்டு என்று பனியன் கட்டுகளை இறக்கிவிட்டுப் பிளக்கைச் சொருகினேன்.

முதலில் சமர்த்தாகத்தான் சுற்றியது. கடைசியில் தண்ணீர் பிழிகிற கட்டம் வந்தது பார். அம்மிணி, தகரக் கொட்டாய்க்குள் எருமையைப் பூட்டி அடித்த மாதிரி ஒரு சத்தம். வீடே அதிர்ந்தது. பேத்தி வீரிட்டாள். நான் ஓடி வந்து பார்த்தால் மெஷின் சுவரை விட்டு நகர்ந்து நகர்ந்து கூடத்துக்கு வருகிறது, என்னைத் தேடி வருகிற மாதிரி. பைப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வீடெல்லாம் சோப்புத் தண்ணீர். நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்து தாரணியிடம் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.

நிறுத்தியதும் சுற்றி வந்து தடவிப் பார்த்தேன். என் கைதான் சொன்னேனே. பின் மூலையில் ஒரு நசுங்கல். சின்னதுதான், கட்டைவிரல் அளவு. போதாதா? நல்ல சரக்கில் நசுங்கல் எப்படி வரும்? கடையில் விழுந்து அடிபட்டுத் தள்ளுபடியில் போட்ட மெஷினை வாங்கி, ரிப்பனைக் கட்டி, என் தலையில் கட்டியிருக்கிறார் மனுஷன். செகண்ட்ஸ்! முப்பது வருசமாகச் செகண்ட்ஸ் விற்கிறவளுக்கே செகண்ட்ஸ்.

தாரணி அப்போது மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் ஏதோ படம் போட்டிருக்கிறது, பின்னால் நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டுமாம் அத்தை என்றாள். போல்ட்டை முடுக்குவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், புது மெஷினில் கழற்றுவதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? எங்கள் தையல் மெஷின் சத்தம் போட்டால் நான் என்ன செய்வேன்? ஸ்பேனரை எடுத்து முடுக்குவேன். நின்றுவிடும். அப்பன் வாங்கிக் கொடுத்தது, பிள்ளைக்கு விட்டுக் கொடுக்க மனசு வராது, படத்தைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதே ஸ்பேனரை எடுத்து நாலையும் நன்றாக முடுக்கினேன். ஆட்டம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. இனி அசையாது என்கிற அளவுக்கு முடுக்கினேன்.

சத்தம் கூடிப்போனது.

அப்படியென்றால் கோளாறு உள்ளே என்றுதானே அர்த்தம்? மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒருத்தன் வந்தான், வாசலில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, முழுதும் இறக்கணும் என்று ஒரு விலை சொன்னான். நான் பாதிக்கும் கீழே கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்தவன் டிரம்மே போய்விட்டது என்றான். அவனிடமும் பேசினேன். பேரிங் என்றவன் சொன்ன விலைக்கு நீ டிரம்மை மாற்றித் தருவாயா என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மெஷின் பின்னால் எட்டிப் பார்க்கக்கூட ஒருத்தனும் குனியவில்லை. பார்க்கிறதுக்கே தனிக் காசாம்.

கம்பெனிக்காரன் இலவசமாகப் பார்ப்பான் என்று யுவராஜ் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண், இந்த மெஷின் வெள்ளகோவில் நம்பரில் பதிந்திருக்கிறது, அந்த நம்பரிலிருந்துதான் புகார் சொல்ல வேண்டும் என்கிறாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். மெஷின் இன்னும் மாட்டி முடித்ததாகவே கணக்கில் இல்லையாம். பார்த்தாயா? அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள், முடிக்காத சரக்கு என்று! யுவராஜ், அம்மா அதுக்கு அர்த்தம் அது இல்லை, நான் மாமாவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்றேன் என்று போனைக் கையில் எடுத்தான். நான் பிடுங்கி வைத்துவிட்டேன். கொடுத்தவரிடமே போய், ஐயா நீங்கள் கொடுத்தது ஓடவில்லை, கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள் என்று என் வீட்டு ஆள் கெஞ்சுவதா? கெஞ்சிப் பிழைத்திருந்தால் நான் என்றைக்கோ பெரிய பணக்காரி ஆகியிருப்பேன்.

இதற்கு நடுவில்தான் காதுகுத்துக்கு நாள் குறிக்க அவர்கள் வந்தார்கள். சம்பந்தி, அவர் வீட்டம்மா, பையன் கோகுல், மூன்று பேரும். பையன்தான் பேத்திக்குத் தாய்மாமன், ஒரே தாய்மாமன். தட்டில் பழம், வெற்றிலை, பூ எல்லாம் ஒழுங்கு முறையாகக் கொண்டுவந்தார்கள். நானும் வீடு தேடி வந்த ஒறம்பரைக்கு, விருந்தாளிக்கு, என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன், குறை சொல்ல முடியாது. அவர்கள் உட்கார்ந்து டீ டம்ளரைக் கையில் வாங்குகிற நேரத்துக்கு, உள்ளே மெஷின் பிழிய ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றே போட்டேன் என்று யுவராஜ் சொல்கிறான். பிள்ளைத் துணி ஊறிக்கிடந்தது, போட்டேன். நேரம் அப்படி அமைந்தது.

சம்பந்தி திடுக்கிட்டு, என்னங்க அது என்றார்.

"உங்க சீர்தானுங்க சம்பந்தி. பேசுது, கேளுங்க" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. விலை பேசும்போது எதிராளி சிரித்தால் விடக் கூடாது, அங்கேதான் அழுத்த வேண்டும். செகண்ட்ஸ் விக்கறவ வீடுதானே, இவளுக்கு எதுக்கு நல்ல சரக்குன்னு நினைச்சுட்டீங்க போல என்றேன். நசுங்கலைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கோகுல் குனிந்து பார்த்தான், அவனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

நாச்சிமுத்து டம்ளரை அப்படியே கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவர் கத்துகிற மனுஷன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"என் பிள்ளைக்கு நான் செகண்ட்ஸ் வாங்கல சம்பந்தியம்மா. இந்த வார்த்தைய நீங்க திருப்பி எடுத்துக்கற வரைக்கும் என் பையன் மடி உங்க வீட்டுல விரியாது."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பழத் தட்டு அப்படியே கிடந்தது. அந்தம்மா பேத்திக்கு முத்தம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே பின்னால் போனாள்.

உனக்குத் தெரியாதது இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? ஆசாரி ஊசியையே எடுக்க மாட்டான். ஊர் என்ன பேசும்? சரி, ஒரு கடை மூடினால் ஊரில் வேறு கடையா இல்லை என்று நானும் நினைத்தேன். தாரணிக்குப் பெரியப்பன் மகன் ஒருத்தன் முத்தூரில் இருக்கிறான். முறைக்கு அவனும் மாமன்தானே? கூப்பிட்டுப் பேசினேன். வேட்டி, துண்டு, மோதிரம் வரைக்கும் நானே இறங்கி வந்து பேசினேன் அம்மிணி, நான் இவ்வளவு சுலபத்தில் ஏறிக் கொடுக்கிறவள் இல்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்த, கோகுல் இருக்கறப்ப அந்த எடத்துல நான் எப்படி உக்கார்றதுங்க" என்று போனை வைத்துவிட்டான். எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். ஒரு மடியை விலைக்கு வாங்க முடியவில்லை.

ஜோசியரைப் பார்த்து நாள் குறித்ததும் நானே, அது நெருங்குகிறது. பத்திரிகை அடித்தாயிற்று, தாய்மாமன் பெயர் போட்டுத்தான் அடித்திருக்கிறது, அது சம்பிரதாயம். வீட்டில் ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை. யுவராஜ் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போகிறான். தாரணி மெஷின் பக்கமே போகவில்லை. பிள்ளைத் துணியையெல்லாம் வாளியில் போட்டுக் கல்லில் துவைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போய், எதுக்கு அம்மிணி இடுப்பை ஒடிச்சுக்கறே, அந்த செகண்ட்ஸை எவனுக்காவது தள்ளிவிட்டு நானே நல்லதாக ஒண்ணு எடுத்துத் தர்றேன் என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன்.

அவள் துணியை முறுக்கிப் பிழிந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. விலை கேட்கிறவன் மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அதே வீட்டுல இருந்துதானுங்க அத்தை நானும் வந்தேன். அப்ப என்னையும் தள்ளி விட்டுருவீங்களா?"

 அவள் வாளியை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் பிள்ளையைத் தூங்க வைக்கப் போனாள். நான் ஸ்பேனரை எடுத்தேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள். என் புத்தியில்தான் யோசித்தேன். முடுக்கினபோது சத்தம் கூடியது. அப்படியென்றால் கழற்றினால் குறைய வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் துணி சுருங்குகிறதென்றால் மறுபக்கம் இழுத்துப் பார்க்க வேண்டியதுதான். இதுதான் தொழில் அறிவு. புத்தகம் பார்த்து வருவதில்லை.

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தேன். பின்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, படம் போட்டு, ஸ்பேனர் போட்டு, சிவப்பில் என்னவோ எழுதி. ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் எந்தப் பொம்பளை படிப்பாள்? தமிழில் எழுத அவனுக்குக் கை வலிக்கிறதா? தப்பு யார் மேல் என்று நீயே சொல். நாலு போல்ட்டையும் கழற்றினேன். நான் முடுக்கின முடுக்கில் சீக்கிரம் வரவில்லை, கை கன்றிப் போனது. உருவினால், அம்மாடி, ஒரு சாண் நீளம் இருக்கிறது ஒவ்வொன்றும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் கோத்து. கடைசிப் போல்ட்டு வெளியே வந்ததும் உள்ளே டிரம் தொம்மென்று இறங்கித் தொங்கியது. கையால் தள்ளிப் பார்த்தேன். தூளி ஆடுகிற மாதிரி ஆடியது. அது இத்தனை நாளும் ஆட முடியாமல்தான் கத்தியிருக்கிறது. வண்டியில் வரும்போது ஆடி அடிபடாமல் இருக்கக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கட்டை அவிழ்க்க வேண்டியது.

சுவரோரம் தள்ளி, துணியைப் போட்டு, பிளக்கைச் சொருகிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தேன். பிழிகிற கட்டம் வந்தது. இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டேன், சொன்னால் சிரிப்பாய். ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி ஓடுகிற மாதிரி ஒரு ஊம். அவ்வளவுதான்.

நிமிர்ந்தால் தாரணி நிற்கிறாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. மெஷினைப் பார்த்தாள், என் மடியில் கிடக்கிற போல்ட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நானே ரிப்பேர் பண்ணிட்டேன்" என்றேன்.

"சரிங்க அத்தை" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள் அம்மிணி! நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன், பேச்சு முட்டி மோதி எங்கேயோ ஒரு இடத்தில் படிந்திருக்கும். சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவளிடம் என்ன பேரம் பேசுவது? போய்ப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, துவைத்த துணியை எடுத்து உதறி உதறிக் கொடியில் போட்டாள். ஒரு துணியை முகத்தில் ஒற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. வேர்வையாக இருக்கும்.

அவளுடைய அப்பனிடம் போல்ட்டு விசயத்தை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அது மாமனார் வழியாக யுவராஜ் காதுக்கு வந்து அவன் முகத்தில் தெரிந்திருக்கும். எனக்காக மறைக்கிறாளா, நானே போய்ச் சொல்லட்டும் என்று விடுகிறாளா, தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனசில் என்ன விலை போட்டு வைத்திருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நான் போகிறேனே, இது அழைப்பு. மன்னிப்பு இல்லை. தாய்மாமனை வீட்டுக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும், போனில் அழைத்தால் மரியாதை இல்லை, அதனால் போகிறேன். மெஷின் எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்டால், ஓடுதுங்க என்பேன். அதுதான் என் விலை. அதற்கு மேல் ஏற மாட்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? குறைச்சலா? சரி, நல்லா ஓடுதுங்க என்று சொல்கிறேன். போதுமா?

போதாது என்றால், சத்தமே இல்லீங்க சம்பந்தி என்று ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அதற்கும் அவர் முகம் திரும்பவில்லை என்றால், நல்ல மெஷின்தானுங்க என்று வேண்டுமானால் சொல்லலாம். அதோடு சரி. அடிபட்டது என் டெம்போவில்தான் என்று எவனும் நிரூபிக்க முடியாது. மாட்டுகிற ஆளை வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று அவர் எடுத்துவிட்டால், அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். என்ன பதில் என்று கேட்காதே. அங்கே போனால் வாயில் வரும்.

அந்த வார்த்தை மட்டும் வராது. செகண்ட்ஸ் இல்லீங்க என்று... இரு, இப்போது சொல்லிப் பார்க்கிறேன். "அது செகண்ட்ஸ் இல்லீங்க சம்பந்தி." சே. இன்னொரு தடவை. "அது செகண்ட்ஸ் இல்லீங்க. நாந்தான்..." வேண்டாம், அந்த நாந்தான் வேண்டாம். அது கேட்ட விலைக்கு மேலே போட்டுக் கொடுக்கிற மாதிரி. முதல் பாதி போதும்.

அவர் வீட்டுக்குள்ளேயே கூப்பிடவில்லை என்றால் என்ன செய்வேன் என்று கேட்கிறாய், இல்லையா? நல்ல கேள்வி. வியாபாரம் தெரிந்தவள்தான் நீ.

உட்காருவேன். தேங்காய் காய்கிற களத்தில் மத்தியானத்தில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. அங்கேயே உட்காருவேன். யுவராஜ் இடுப்பில் இருந்தபோது ஒரு கம்பெனி கேட்டில் இப்படித்தான் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் போகச் சொன்னான், மேனேஜர் போகச் சொன்னான், மழை பெய்தது. சரக்கு கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அப்போது என்னோடு என் பிள்ளை மட்டும் இருந்தான், இப்போது பேத்தி காது இருக்கிறது. யார் எழுந்திருக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

வெள்ளகோவில் வந்துவிட்டது போல. கண்டக்டர், நிறுத்துங்க, நான் இறங்கணும். நகரு அம்மிணி, கால் இடிக்கிறது. முழுசும் சொல்லிவிட்டால்தான் என்ன, அந்த நாந்தானையும் சேர்த்து? மருமகள் காதில் எப்படியும் விழும், விழட்டுமே. சரி சரி, மன்னிப்பு என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அழைக்கத்தான் போகிறேன்.